பாவமற்றவர் மீது பாவச் சுமையா?



கல்லூரி விடுதியில் தங்கிப் பயிலும் தம் மகளைப் பற்றி வாசகர் ஒருவர் நமக்கு மடல் வரைந்திருக்கிறார். அம்மகளுடன் ஒரே அறையில் தங்கியிருப்பவர் ஒரு கிறிஸ்தவ மாணவி. பெரிய வெள்ளியன்று அம்மாணவி உபவாசம் இருந்து, ஆலயம் சென்று, அழுத கண்களோடு திரும்பினாராம். ஏன் அழுதாய் என்று கேட்டதற்கு, “என் பாவங்களையெல்லாம் அவர் சுமந்தாரே, அதை நினைத்துத்தான்” என்றாராம். நம் வாசகரின் மகள் அத்தோடு விட்டாரில்லை. “அவர் பாவமே செய்யாதவர் என்றும் நீதானே சொல்கிறாய்? அப்படியானால் பாவத்தை அவர் எப்படிச் சுமக்க முடியும்?” என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் பதில் கூறவில்லை. மூன்று நாட்களாக இருவருக்குமிடையே பேச்சும் இல்லை. “கிறிஸ்தவர்களின் வாயை அடைக்கும்படியான பதில் ஒன்றை விளக்கமாக எழுதுங்கள், மகளிடம் கொடுக்க வேண்டும்” என்பது தகப்பனாரின் வேண்டுகோள்.

வாய்தான் ஏற்கெனவே அடைபட்டுக் கிடக்கிறதே! மூன்று நாட்களாகப் பேச்சில்லை என்று அவரே எழுதியிருக்கிறாரே! ஆகவே வாயடைக்கும் பணியை நாம் ஏற்கவில்லை. ஆனால் அம்மகள் கேட்ட கேள்வி சாதாரணமான கேள்வியன்று. அதை முதன்முதலில் கேட்டவர்கள் முஸ்லிம்களும் அல்லர். கிறிஸ்தவப் பெரியார்களே அதை ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்களுக்குள் கேட்டு வந்திருக்கிறார்கள். அதற்காகப் பதவி இழந்தவர்களும் உண்டு. அடி வாங்கியவர்களும் உண்டு. அவர்களுடைய வழக்கை அவர்களுடைய வாய்மொழியாகவே அறிந்து கொண்டு, அதன் பின்னர் நம்முடைய சொல்லைச் சொல்வதே முறையாகும். வேதம் அருளப்பட்டோருடன் அழகிய முறையிலன்றி விவாதிக்க வேண்டாம் என்று திருமறை (29:46) நமக்குக் கட்டளையிட்டிருக்கிறதன்றோ!

முதலில் ஸ்காட்லாந்து நாட்டிற்குச் செல்வோம். 1833-ஆம் ஆண்டு மார்ச் மாதம். ஆனன் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரின் தேவாலயத்திலே மக்கள் நெருக்கியடித்துக் கொண்டு கூடியிருந்தனர். குற்றவாளியாக நிறுத்தப்பட்டவர் எட்வர்ட் இர்விங் என்னும் போதகர். 1792-இல் அதே ஊரில் பிறந்தவர். 1822-இல் அவருக்குக் குருப்பட்டம் அளித்ததும் அதே வட்டாரத்துக் குருமார் மன்றம்தான். இலண்டன் மாநகரில் அவருடைய பிரசங்கத்தைக் கேட்க அமைச்சர்களும் பிரபுக்களும் வண்டி வண்டியாக வந்து இறங்கிய காலம் ஒன்று இருந்தது. பேரறிஞர் தாமஸ் கார்லைல் அவருடைய உற்ற நண்பர். அப்படிப்பட்டவர்தாம் இப்போது சொந்த ஊரில், தமக்குப் பட்டம் தந்தவர்களின் முன்னிலையில் நின்று கொண்டிருந்தார்.

அவர் செய்த குற்றம் யாது? ஈஸா (அலை) அவர்களின் மனிதத் தன்மை, வீழ்ச்சியுற்ற நம்முடைய மனிதத் தன்மையே என்று அவர் போதித்தார். நமக்குள்ள அதே சதை, அதே பலவீனம், அதே சோதனை அவருக்கும் இருந்தது. ஆயினும் பரிசுத்த ஆவியின் வல்லமையால் அவர் ஒரு பாவமும் செய்யாமல் வாழ்ந்தார் என்பது இர்விங்கின் கொள்கை. இதனை 1830-இல் ஒரு நூலாகவே அவர் வெளியிட்டார். “மீட்பருக்குப் பாவ இயல்பைச் சுமத்திவிட்டார்” என்று எதிர்ப்பாளர்கள் கொதித்தெழுந்தனர். “அவர் பாவம் செய்தார் என்று நான் ஒருபோதும் கூறவில்லையே!” என்று இர்விங் கதறியது எவர் செவியிலும் ஏறவில்லை. அன்று பொழுது சாயும் வேளையில் அவர் குருத்துவத்திலிருந்து நீக்கப்பட்டார். மறு ஆண்டு, 1834 டிசம்பரில், கிளாஸ்கோ நகரில் க்ஷயரோகத்தால் மரணமடைந்தார். அப்போது அவருக்கு வயது 42.

இர்விங் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார்? அங்கேதான் முடிச்சு இருக்கிறது. நோயாளியைக் குணப்படுத்த வரும் மருத்துவர் நோயைத் தொடாமலே குணப்படுத்த முடியுமா என்பது அவருடைய வாதத்தின் சாரம். இது அவர் புதிதாகக் கண்டுபிடித்ததும் அன்று. நான்காம் நூற்றாண்டிலேயே நஸியான்ஸஸ் நகரின் கிரிகோரி என்னும் பெரியார், ஈஸா (அலை) மனிதத் தன்மையில் எந்தப் பகுதியைத் தம்மீது ஏற்றாரோ அந்தப் பகுதிதான் குணமடையும் என்ற கருத்தை வலியுறுத்தியிருந்தார். அப்படியானால், ஆதம் (அலை) அவர்கள் தவறு செய்வதற்கு முன்பிருந்த பழுதற்ற தன்மையை மட்டும் அவர் ஏற்றிருந்தால், பழுதுபட்ட நமக்கு என்ன பயன்? இர்விங்கின் கேள்வி இதுதான். எதிர்த்தரப்பின் கேள்வியோ இதற்கு நேர்மாறானது. பழுதுபட்ட தன்மையை அவர் ஏற்றிருந்தால் அவருக்கே ஒரு மீட்பர் தேவைப்படுவாரே! குற்றமற்ற பலியாக அவர் எப்படி நிற்க முடியும்? இரு பக்கமும் இடிக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் மாபெரும் இறையியல் அறிஞராகிய கார்ல் பார்த், நீக்கப்பட்ட அந்த இர்விங்கின் பக்கமே பெரிதும் சாய்ந்தார் என்பது இங்கு நினைவுகூரத் தக்கது.

இத்தனை சர்ச்சைக்கும் மூலம் பவுலின் நிருபங்களில் உள்ள ஓரிரு வாக்கியங்களாகும். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் ஐந்தாம் அத்தியாய இறுதியில், பாவம் அறியாத ஒருவரை இறைவன் நமக்காகப் பாவமாக்கினான் என்ற கருத்து வருகிறது. “பாவி” ஆக்கினான் என்று கூட இல்லை; “பாவம்” ஆக்கினான் என்றே இருக்கிறது. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அத்தியாயத்திலோ, அவர் நமக்காகச் சாபமானார் என்ற கருத்து வருகிறது.

இன்றைய அல்ஜீரியாவில் உள்ள அன்னாபா நகரம் அன்று ஹிப்போ எனப்பட்டது. அங்கு பிஷப்பாக இருந்து கி.பி. 430-இல் மறைந்த அகஸ்டின் இதற்கு ஒரு மொழி விளக்கம் தந்தார். எபிரேய வேதத்தில் பாவத்தைக் குறிக்கும் சொல்லும், பாவத்துக்காகக் கொடுக்கப்படும் பலியைக் குறிக்கும் சொல்லும் ஒன்றே. ஆகவே பவுல் கூறியது பாவத்தை அன்று, பாவப் பலியை என்றார் அவர். சொல் வழக்கை அறிந்தவர்கள் இவ்விளக்கத்தில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்வர். அரபு மொழியிலும் ஒரே சொல் வினையையும் அதன் விளைவையும் குறிப்பதுண்டு. ஆனால் இவ்விளக்கம் பாதி வழி வரைதான் கொண்டு சேர்க்கிறது. பலியாடு பாவம் செய்யவில்லை என்பது சரி. பாவம் ஆட்டின் மேல் எப்படி ஏறியது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஜெர்மனியின் மார்ட்டின் லூதர் இந்த மென்மையான வழியை ஏற்கவில்லை. 1531-இல் அவர் கலாத்தியர் நிருபத்தைக் குறித்து ஆற்றிய விரிவுரைகள் 1535-இல் அச்சேறின. உலகிலேயே மிகப் பெரிய பாவியாக ஈஸா (அலை) அவர்களே சிலுவையில் நின்றார். எல்லோருடைய குற்றமும் அவருடைய கணக்கில் எழுதப்பட்டது என்று அதிலே அவர் அடித்துக் கூறினார். மறுதலித்த பேதுரு, கொடுமை செய்த பவுல், குற்றமிழைத்த தாவீது என்று ஒவ்வொருவராகப் பட்டியலிட்டு, அவர்கள் அனைவருமாக அவர் நின்றார் என்றார். (தாவூத் (அலை) அவர்கள் மீது சுமத்தப்படும் அந்தப் பழியை நாம் ஏற்பதில்லை என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் இடந்தரவில்லை.) ஒன்றை மட்டும் நாம் நேர்மையோடு குறிப்பிட வேண்டும். ஈஸா (அலை) தம் செயலால் பாவி ஆனார் என்று லூதர் கூறவில்லை. செய்தவர் பிறர்; ஏற்றவர் இவர் என்பதே அவருடைய கூற்று. நம்மவரின் துண்டுப் பிரசுரங்கள் சில, லூதரின் பேச்சில் பாதியை வெட்டி எடுத்து, “தம் மீட்பரைப் பாவி என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்” என்று தலைப்பிட்டு மகிழ்வதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. எடைக் கல்லில் மோசம் செய்வது சொற்களிலும் கூடாது.

லூதருக்குப் பின் வந்த கால்வின், தண்டனை முழுவதையும் ஈஸா (அலை) ஏற்றார் என்றார். உடனேயே, இறைவன் அவர் மீது ஒரு கணமும் கோபம் கொள்ளவில்லை என்றும் சேர்த்துக் கொண்டார். கோபமில்லாத தண்டனை! நீதிபதிக்கே தெரிகிறது, நிற்பவர் நிரபராதி என்று. தெரிந்தும் தீர்ப்பு நிறைவேறுகிறது. இந்த இடத்திலேதான் இத்தாலி நாட்டவர் ஒருவர் எழுந்து நின்றார்.

அவர் பெயர் ஃபாவுஸ்தோ சோசினி. சீயனா நகரில் 1539-இல் பிறந்தவர். ஐரோப்பிய நூல்களில் சோசினஸ் என்று வழங்கப்படுபவர் இவரே. மீட்பராகிய ஈஸா (அலை) அவர்களைப் பற்றி 1578-இல் அவர் எழுதி முடித்த நூல் 1594-இல்தான் அச்சேறியது. அதிலுள்ள வாதம் ஒரு வணிகரும் விளங்கிக் கொள்ளும்படியானது. கடன் என்பது பொருள். என் கடனை நீங்கள் அடைத்தால் கடன்காரருக்குக் குறைவொன்றுமில்லை. பணம் யார் பையிலிருந்து வந்தாலும் பணமே. தண்டனை அப்படிப்பட்டதன்று. அது ஆளோடு ஒட்டியது. கொலை செய்தவனை விட்டுவிட்டு, தானாக முன்வந்த ஒரு நல்லவரைத் தூக்கிலிட்டால் அதற்கு நீதி என்று யாரும் பெயர் சூட்ட மாட்டார்கள். ஒரு குற்றத்தோடு மற்றொரு குற்றமும் சேரும். அடுத்ததாக அவர் கேட்டார்: கடன் முழுவதும் வசூலாகிவிட்டது என்கிறீர்கள், அதே மூச்சில் இறைவன் மன்னித்தான் என்றும் சொல்கிறீர்கள். முழுவதும் வாங்கிக் கொண்டவன் எதை மன்னித்தான்?

இந்தக் கேள்விகளுக்கு அவர் கொடுத்த விலை சிறியதன்று. 1598-இல் போலந்து நாட்டின் கிராக்கோ நகரிலே, நோயுற்றுப் படுக்கையில் கிடந்த அவரை மாணவர் கும்பல் ஒன்று தெருவுக்கு இழுத்து வந்து அடித்தது. அவருடைய நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் எரிக்கப்பட்டன. 1604-இல் ஒரு கிராமத்தில் அவர் மறைந்தார். அவருடைய வழியைப் பின்பற்றியோர் 1658-இல் போலந்திலிருந்தே வெளியேற்றப்பட்டனர். திரித்துவத்தை மறுத்தவர் என்பதால் அவரை “நம்மவர்” என்று உரிமை கொண்டாடுவோர் நம்மிடையே உண்டு. அது சரியன்று. ஈஸா (அலை) அவர்களைப் பிரார்த்தனையில் அழைக்கலாம் என்பதை வற்புறுத்தி, அதை மறுத்த தம் சக சீர்திருத்தவாதியோடு அவர் வாதிட்டிருக்கிறார். அவர் நம்மவர் அல்லர். நம் கேள்வியைக் கேட்டவர். அவ்வளவே.

சோசினஸின் அடியைத் தாங்கிக் கொள்ள 1617-இல் ஒரு நூல் எழுதியவர் ஹாலந்தின் புகழ்பெற்ற சட்ட அறிஞர் ஹ்யூகோ குரோஷியஸ். சட்டம் படித்தவர் அல்லவா? வழக்கின் வடிவத்தையே மாற்றினார். இறைவன் இங்கே கடன் கொடுத்தவனுடைய நிலையில் இல்லை. நாட்டை ஆளும் அரசனின் நிலையில் இருக்கிறான். அரசன் சட்டத்தைத் தளர்த்தலாம். ஆனால் சும்மா தளர்த்தினால் சட்டத்துக்கு மதிப்பிராது. ஆகவே சட்டத்தின் கண்ணியம் காக்கப்படும்படி ஒரு வேதனை பகிரங்கமாகக் காட்டப்பட்டது என்றார்.

இதை விளக்க மேலை நாட்டுப் பிரசங்கிகள் அடிக்கடி எடுத்தாளும் பழங்கதை ஒன்றுண்டு. தென் இத்தாலியிலிருந்த லோக்ரி என்னும் கிரேக்க நகரின் சட்டம் வகுத்தவர் சலூக்கஸ். விபசாரம் செய்தவனின் இரு கண்களையும் பிடுங்க வேண்டும் என்பது அவர் வகுத்த சட்டம். அவருடைய சொந்த மகனே அக்குற்றத்தில் அகப்பட்டான். ஊரார் மன்னிக்கும்படி வேண்டினர். சலூக்கஸ் என்ன செய்தார்? மகனுடைய கண் ஒன்றையும் தம்முடைய கண் ஒன்றையும் பிடுங்கச் செய்தார். சட்டமும் நிறைவேறியது, மகனும் முழுக் குருடாகவில்லை.

கேட்பவர் நெஞ்சை உருக்கும் கதைதான். ஆனால் உடனே நம் நினைவுக்கு வருவது மக்ஸூம் குலத்துப் பெண்ணின் நிகழ்ச்சியன்றோ! உயர்குலத்தவளான அவள் திருடிவிட்டாள். அண்ணலாருக்கு மிகப் பிரியமான உஸாமா (ரலி) அவர்களை அவளுடைய குலத்தார் பரிந்து பேச அனுப்பினர். பெருமானார் (ஸல்) அவர்களின் திருமுகம் சிவந்தது. உயர்ந்தவன் திருடினால் விட்டுவிட்டு, எளியவன் திருடினால் தண்டித்ததாலேயே முன் சென்ற சமுதாயங்கள் அழிந்தன என்றும், தம் மகள் ஃபாத்திமாவே திருடியிருந்தாலும் கை வெட்டப்படும் என்றும் அறிவித்தார்கள். தம்முடைய கையைத் தருவதாக அவர்கள் கூறவில்லை. சலூக்கஸ் நல்ல தகப்பன் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய கண் எந்தக் குற்றமும் செய்யவில்லையே!

மீண்டும் ஸ்காட்லாந்து. இர்விங் நீக்கப்படுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1831-இல், ஜான் மெக்லியாட் கேம்பல் என்ற இளம் போதகரை அந்நாட்டுத் திருச்சபையின் பேரவை நீக்கியிருந்தது. மீட்பு தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு மட்டும் அன்று, மனிதர் எல்லோருக்கும் உரியது என்று அவர் போதித்தமையே காரணம். அப்பேரவையில் அவருடைய முதிய தந்தையாரும் ஒரு போதகராக அமர்ந்திருந்தார். இத்தகைய மாசற்ற மகனுக்குத் தகப்பனாக இருப்பதற்கு நான் ஒருபோதும் வெட்கப்பட மாட்டேன் என்ற கருத்தில் அவர் பேசியது இன்றும் அந்நாட்டில் பேசப்படுகிறது. நம் ஜமாஅத்துகளில் ஒரு கூட்டம் நடந்து, சொந்த மகன் மீது தீர்ப்பு எழுதப்படும்போது, எழுந்து நின்று இப்படிச் சொல்லக் கூடியவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன்.

கேம்பல் இருபத்தைந்து ஆண்டுகள் சிந்தித்தார். 1856-இல் பாவப் பரிகாரத்தின் தன்மை குறித்து ஒரு நூல் வெளியிட்டார். ஒருவருடைய தண்டனையை மற்றவருக்கு மாற்றுவது சரிப்படாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே ஈஸா (அலை) ஏற்றது தண்டனையை அன்று. மனித குலத்தின் சார்பாக இறைவன் முன் ஒரு பூரணமான பாவ ஒப்புதலை, தவ்பாவை அவர் செலுத்தினார் என்றார். பாவத்தின் கொடுமையைப் பாவி உணர முடியாது. தூயவரே முழுமையாக உணர முடியும் என்பது இதன் அடிப்படை. மறுப்பு உடனே எழுந்தது. செய்யாதவர் எப்படி வருந்துவார்? நமது உலமாப் பெருமக்களும் இதையே கேட்பார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தவ்பாவின் நிபந்தனைகளை எண்ணிக் காட்டும்போது, பாவத்தை விட்டு விலகுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என்று உறுதி கொள்ளுதல், பிறர் உரிமை கலந்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்தல் என்று கூறுகிறார்கள். இவற்றில் எதையுமே இன்னொருவர் நமக்காகச் செய்ய இயலாது. இன்னொருவர் நமக்காகச் செய்யக் கூடியது துஆ. கேம்பல் தேடியது அநேகமாக அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரை நீக்கிய அதே நாட்டில், கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 1868-இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது.

இவையெல்லாம் பழங்கதைகள் என்று எண்ணிவிட வேண்டாம். 2003-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் சாக் என்ற பிரபல பாப்டிஸ்ட் போதகர், வேறொருவர் செய்த குற்றத்துக்காகத் தந்தை மகனைத் தண்டித்தார் என்று சொல்வது குழந்தையைக் கொடுமைப்படுத்துவதற்கு ஒப்பாகிவிடும் என்ற கருத்தை ஒரு நூலில் வெளியிட்டார். சீர்திருத்தச் சபைகளில் அது பெரும் புயலைக் கிளப்பியது. 2004-இல் இலண்டனில் பொது விவாதமே நடந்தது. 2005-இல் அறிஞர்களின் கருத்தரங்கும் கூடியது. அமெரிக்காவின் பிரஸ்பிட்டேரியன் சபை ஒன்று 2013-இல் புதிய கீத நூல் வெளியிட்டபோது, சிலுவையில் இறைக்கோபம் தணிந்தது என்ற பொருள் தரும் அடியுள்ள ஒரு புகழ்பெற்ற கீதத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற பிரச்சினை எழுந்தது. அடியை மாற்றக் கீதம் இயற்றியவர்கள் சம்மதிக்கவில்லை. குழுவினர் வாக்கெடுத்தனர். ஆறு பேர் வேண்டும் என்றனர். ஒன்பது பேர் வேண்டாம் என்றனர். கீதம் விடப்பட்டது. கீழைத் திருச்சபைகளின் வழியோ வேறு. ஆதம் (அலை) அவர்களின் குற்றம் பிள்ளைகளுக்குப் பரம்பரைச் சொத்தாக வருகிறது என்பதை அவை ஏற்பதில்லை. மரணம்தான் பரம்பரையாக வருகிறது என்பது அவற்றின் போதனை. “கிறிஸ்தவர்கள் இப்படிச் சொல்கிறார்கள்” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது எவ்வளவு தவறு என்பதற்காகவே இவ்வளவும் சொல்ல நேர்ந்தது.

சாக் போன்றோருக்கு மறுதரப்பார் கூறும் பதிலையும் கேட்டுக் கொள்ளுங்கள். இறைவன் யாரோ மூன்றாவது ஆளைப் பிடித்துத் தண்டிக்கவில்லை; தன்னையே கொடுத்தான் என்கிறார்கள் அவர்கள். ஜான் ஸ்டாட் என்னும் ஆங்கிலப் போதகர் 1986-இல் எழுதிய நூலில் இதையே விரிவாக நிறுவ முயன்றார். நீதிபதியே கூண்டில் ஏறி நிற்கிறார் என்ற சித்திரம் அது. அவர்கள் தரப்பிலே இதைவிட வலுவான பதில் இல்லை எனலாம். ஆனால் இது கேள்வியைத் தீர்க்கவில்லை. திரித்துவத்தின் வாசலுக்கு நகர்த்தி வைக்கிறது. தானே தனக்குச் செலுத்திக் கொள்வது எதற்கு? மன்னிக்க நாடியவன் மன்னித்துவிடலாமே!

நம் மார்க்கம் இந்த வாசலையே வேறிடத்தில் திறக்கிறது. ஆதம் (அலை) அவர்களும் ஹவ்வா (அலை) அவர்களும் தவறினார்கள். தங்களுக்குத் தாங்களே அநீதி இழைத்துக் கொண்டதாக ஒப்புக்கொண்டு மன்றாடினார்கள் (7:23). இரட்சகன் அவர்களுடைய தவ்பாவை ஏற்றுக் கொண்டான் (2:37). கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. நமக்கு அனுப்பி வைக்க மிச்சம் ஒன்றுமில்லை. ஒருவரின் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்ற பேருண்மையைத் திருக்குர்ஆன் ஐந்து இடங்களில் (6:164, 17:15, 35:18, 39:7, 53:38) எடுத்துரைக்கிறது. பழைய ஏற்பாட்டின் எசேக்கியேல் ஆகமம் பதினெட்டாம் அத்தியாயத்திலும் இதே கருத்து இருக்கிறது. சிலுவை நிகழ்ச்சியையே இறைமறை (4:157) மறுத்துவிடுவதால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை என்று நாம் விட்டுவிடலாம்தான். ஆயினும் சூரா யூஸுஃபில் வரும் ஒரு காட்சியை அந்த மாணவியரின் அறைக்கே அனுப்பி வைக்க ஆசைப்படுகிறேன்.

புன்யாமீனின் பொதியிலிருந்து அரசரின் அளவுப் பாத்திரம் எடுக்கப்பட்டுவிட்டது. அண்ணன்மார் நடுங்குகிறார்கள். வீட்டிலே முதிய தந்தை காத்திருக்கிறார். இவருக்குப் பதிலாக எங்களில் ஒருவரைப் பிடித்துக் கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறார்கள் (12:78). ஒருவர் தானாக முன்வந்து பதிலாள் ஆகிறார், அன்பினால் ஆகிறார். சோசினஸும் லூதரும் மோதிக் கொண்ட அதே வழக்கு! யூஸுஃப் (அலை) அவர்களின் பதில் அடுத்த வசனத்தில் இருக்கிறது. பொருள் எவரிடம் இருந்ததோ அவரையன்றி வேறொருவரைப் பிடிப்பதை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுகிறார்கள். அப்படிச் செய்தால் தாங்கள் அநியாயக்காரர் ஆகிவிடுவோம் என்கிறார்கள். பிடிபட்டவர் உண்மையில் நிரபராதி என்பதும், பிடித்தவர் அவருடைய உடன்பிறந்தவர் என்பதும் நமக்குத் தெரியும். அப்படி இருந்தும், ஆளுக்கு ஆள் மாற்றுவதை ஒரு நபியின் நாவு அநீதி என்றே அழைத்தது.

ஃபிக்ஹு நூல்களில் ஜாமீன் பற்றிய பாடமும் இவ்வழியிலேயே செல்கிறது. கடனுக்கு ஒருவர் பொறுப்பேற்கலாம். ஆனால் திருடன் தப்பிவிட்டால் ஜாமீன்தாரரின் கையை வெட்டுங்கள் என்று எந்த மத்ஹபும் கூறவில்லை.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் மார்தட்டிக் கொள்ளத் தயாராவார்கள். சற்றுப் பொறுங்கள். நம்மிடமும் சுமை மாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நபிமொழி ஒன்றில், தொழுகை, நோன்பு, ஸகாத்துடன் மறுமைக்கு வரும் ஒருவனைப் பெருமானார் (ஸல்) அவர்கள் குறிப்பிடுகிறார்கள். அவன் ஒருவனைத் திட்டியிருப்பான், ஒருவன் மீது அவதூறு கூறியிருப்பான், ஒருவன் பொருளைத் தின்றிருப்பான், ஒருவனை அடித்திருப்பான். அவனுடைய நன்மைகள் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுக்கப்படும். நன்மைகள் தீர்ந்த பிறகும் பாக்கி இருந்தால், அவர்களுடைய பாவங்கள் எடுக்கப்பட்டு அவன் மீது போடப்படும். மாற்றப்படுவது உண்மைதான். ஆனால் யார் மீது? தூயவர் மீது அன்று. அநீதி செய்தவன் மீது. அவன் பிறர் பாவத்தைச் சுமப்பது தன் சொந்தக் கடனின் வட்டமாகவே.

இனி, அந்தத் தகப்பனாருக்கு. உங்கள் மகளின் கேள்வி சரியானது. கேட்ட வேளை சரியில்லை. ஒருவர் அழுத கண்ணோடு நிற்கும்போது கேட்கும் கேள்வி, கேள்வியாக அன்றி அடியாக விழும். அவரை முதலில் பேசச் சொல்லுங்கள். ஈஸா (அலை) அவர்களை நாங்களும் குறைத்து மதிப்பதில்லை என்று சொல்லச் சொல்லுங்கள். மறுமையில் மக்கள் தத்தளித்து ஒவ்வொரு நபியிடமும் ஓடிச் சென்று பரிந்துரை வேண்டுவார்கள் என்ற புகாரீயின் நீண்ட ஹதீஸை அவர் அறிந்திருப்பார். ஆதம், நூஹ், இப்ராஹீம், மூஸா (அலைஹிமுஸ்ஸலாம்) ஒவ்வொருவரும் தம்முடைய ஏதேனுமொன்றை நினைத்துப் பின்வாங்குவார்கள். ஈஸா (அலை) அவர்களிடம் வரும்போது, அவர்கள் எந்தப் பாவத்தையும் குறிப்பிட மாட்டார்கள் என்று அந்த ஹதீஸிலேயே வருகிறது. அப்படிப்பட்டவர்களும் “நஃப்ஸீ, நஃப்ஸீ” என்று தம்மைப் பற்றியே கவலைப்பட்டு, முஹம்மது (ஸல்) அவர்களிடம் செல்லுமாறு கூறுவார்கள். அண்ணலாரும் சுமை எதையும் தூக்கிக் கொள்ளப் போவதில்லை. ஸஜ்தாவில் விழுந்து அனுமதி பெற்றுப் பரிந்துரைப்பார்கள்.

“அப்படியென்றால் உங்கள் மார்க்கத்தில் ஒருவருக்காக மற்றவர் எதையுமே ஏற்றுக் கொள்வதில்லையா?” என்று அந்தத் தோழி கேட்கக் கூடும். கேட்டால் இந்த நிகழ்ச்சியைச் சொல்லட்டும். ஒரு மனிதர் இறந்துவிட்டார். குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுகைக்காகப் பெருமானார் (ஸல்) அவர்களின் முன் ஜனாஸாவைக் கொண்டு வந்து வைத்தார்கள். இவருக்குக் கடன் உண்டா என்று கேட்டார்கள். இரண்டு தீனார் என்றனர். அண்ணலார் தொழுவிக்காமல் விலகினார்கள். அப்போது அபூ கதாதா (ரலி) முன்வந்து, அந்த இரண்டு தீனாரும் தம் பொறுப்பு என்றார்கள். அதன் பிறகே தொழுகை நடந்தது. ஒரு நாள் கழித்து, அந்த இரண்டு தீனார் என்னவாயிற்று என்று அண்ணலார் விசாரித்தார்கள். அவர் நேற்றுத்தானே இறந்தார் என்றார்கள் அபூ கதாதா (ரலி). மறுநாள் மீண்டும் சென்று, கொடுத்துவிட்டேன் என்று தெரிவித்தார்கள். இப்போதுதான் அவருடைய மேனி குளிர்ந்தது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள்.